யார் கை முழம்

பள்ளி விளையாட்டரங்கில் துப்பாக்கிச் சந்தை.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நாற்பத்தெட்டாம் மேசையில் கிடந்தது:
சுவிட்சர்லாந்துப் பட்டாளத்தின் பழைய ரைஃபிள்.
இரண்டு டயர் வாங்கும் காசு.
மொன்டானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு
டயர்தான் அளவுகோல்.

"பன்னிரண்டாவதா?" என்றான் ஆர்லின்,
உருளைக்கிழங்கிலிருந்து கண்ணெடுக்காமல்.

அடிக்கட்டை பீச் மரம்.
கீழ்ப்பாதி கறுத்து, நாய் கடித்த எலும்பாய்ச் சொரசொரத்து.
பனியில் ஊன்றி ஊன்றி ஊறிய ஈரம் என்பார்கள்.
ஆணி பூட்ஸால் தட்டிய தழும்பு என்பார்கள்.
சேகரிப்பவர்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை,
தோட்டாவுக்குத்தான்.

சனிக்கிழமை, ஹெட்லண்டின் மேய்ச்சல் நிலம்.
இருநூறு கஜத்தில், மண்மேட்டுக்கு முன்னால்,
சோற்றுத்தட்டு அகலத்தில் ஓர் இரும்புத் தட்டு.
காதடைத்துப் படுத்தேன்.
மூச்சில் பாதியை விட்டு மீதியைப் பிடித்தேன்.
விசை, தானாக நடந்ததுபோல் விடுபட்டது.
இடது பக்கம் மண் பறந்தது.
மறுபடி. இடது.
காற்றைத் திட்டினேன், கண்ணாடியைத் திட்டினேன்,
ஐம்பத்தாறு வயதைத் திட்டினேன்,
ஆர்லின் போட்ட காப்பியைக்கூட.
நடந்து போய்ப் பார்த்தால்
ஐந்தும் ஒரு கைக்குட்டைக்குள் அடங்கும்,
தட்டில் அல்ல, தட்டுக்குப் பக்கத்தில்.
இவ்வளவு ஒழுங்கான தவறை நான் பார்த்ததில்லை.

இரவு எண்ணெய் துடைக்கையில்
அடித்தகட்டின் இரண்டு திருகாணியையும் கழற்றினேன்.
உள்ளே மடித்த சீட்டு.
ஜியோன் காவியேட்சல், 1933,
பிறகு ஏதோ மலையூர்ப் பெயர்.

"ஐயா, உங்கள் துப்பாக்கி என் கையில் இருக்கிறது."
எழுதிப் பார்த்தால் மிரட்டல் மாதிரி இருந்தது.
கிழித்துவிட்டு,
"உங்கள் துப்பாக்கி நலம்" என்று தொடங்கினேன்.

ஏழு வாரம் கழித்து மகள் மெங்கியா எழுதினாள்.
அப்பா இருக்கிறார். காதுதான் போய்விட்டது.
அறுபத்தொன்றில், சுடுபயிற்சி முடிந்து,
அதன்பின் ஒயினும் முடிந்து திரும்புகையில்
தேவாலயப் படியில் கீழே போட்டாராம்.
முன்குறி மயிரிழை வலம் நகர்ந்துவிட்டது.
பட்டாளத்தில் சொன்னால் அபராதம்,
அம்மாவிடம் சொன்னால் அதைவிட.
யாரிடமும் சொல்லவில்லை.
இலக்குக்கு ஒரு முழம் வலப்புறம்
ஒரு கம்பம் இருந்ததாம்.
பதினேழு வருஷம் கம்பத்தைப் பார்த்தே சுட்டு
பதக்கம் வாங்கியிருக்கிறார்.
"இனி அறிவிக்க மாட்டீர்கள்தானே?" என்கிறார்.

முன்குறியைத் தள்ளும் கருவியை
முன்பே வாங்கி வைத்திருந்தேன்.
பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.

வேலிக்கம்பம் ஒன்றை நட்டேன்,
தட்டிலிருந்து என் முழங்கை அளவு.
கம்பத்தைக் குறிவைத்தேன்.
மண் பறந்தது, முதன்முறையாக
வலது பக்கம்.

"யார் கை முழம்?" என்று கேட்டு எழுதினேன்.

உறைக்குள் ஒரு நூல் வந்தது.
ஒரு நுனியில் முடிச்சு, மறுநுனியில் முடிச்சு,
நடுவில் ஒரு கிழவரின் கை.
கூடவே மெங்கியாவின் இரண்டு வரி:
தூரம் முந்நூறு மீட்டர்.
சொல்ல மறந்தாராம்.

நிலத்துக்கா பஞ்சம் இந்த ஊரில்?
கம்பத்தைப் பிடுங்கி நூலளந்து நட்டேன்.
மாடுகள் வேலிக்கு அப்பால்தான் என்று உறுதி செய்துகொண்டு
பின்னால் நடந்தேன், நடந்தேன், படுத்தேன்.
தட்டைப் பார்க்காமல் இருப்பதுதான்
சிரமமாக இருந்தது.

தட்டு ஆடியது.
ஓசை அப்புறம் வந்தது,
அவசரமில்லாமல், புல்வெளி கடந்து.

அவர் சீட்டை இருந்தபடியே வைத்தேன்.
மேலே என்னுடையது:
மார்லிஸ் ட்வெட், 1968.
இடது இழுக்கும். சரிசெய்ய வேண்டாம்.
நூல் உள்ளே இருக்கிறது.